‘அலர்ஜி வராத நாய்’ என்று விற்கிறார்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

"அலர்ஜி இருக்கிறவங்களும் வீட்டுக்குள்ளேயே வளர்க்கலாம். முடி கொட்டாது, கேரண்டி." சென்னையில் நாய்க்குட்டி விற்கிறவர்களின் விளம்பரங்களில் இந்த வாசகம் இப்போது சர்வ சாதாரணம். அதை எழுத்திலும் வாங்கிக்கொண்டு, 38,000 ரூபாய் கொடுத்து ஒரு ஷிட்ஸு குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இன்று எனக்குக் காலையும் இரவும் இன்ஹேலர். விற்றவர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். ஊர் பேர் சொல்லி எழுதுவதற்கு இது இடமில்லை, அதற்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஆனால் ஏமாற்றும் விதம் ஒரே மாதிரி என்பதால் அதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். நாய் இருக்கிற வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் கண் அரிக்கும், மூக்கு அடைக்கும். இதை மறைக்காமல் முதல் போனிலேயே விற்பனையாளரிடம் சொன்னேன். என் பெண்ணுக்கு நாய் வேண்டும், எனக்கு ஒத்துக்காது, வழி இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுகிறோம் என்றேன். "மேடம், உங்கள மாதிரி ஆளுங்களுக்காகவே வந்த ப்ரீட் இது, ஹைப்போஅலர்ஜெனிக். ஆஸ்துமா பேஷண்டே ரெண்டு பேர் எங்ககிட்ட வாங்கிட்டுப் போயிருக்காங்க" என்றார். ஹைப்போஅலர்ஜெனிக் என்றால் அலர்ஜி குறைவாக வரும் என்று அர்த்தம். என் மாமியாருக்கு நாய் முடி மூக்கில் போனால்தான் இழுப்பு வரும் என்று திடமான நம்பிக்கை. நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். விற்கிறவர்களின் முதலீடே அந்த நம்பிக்கைதான். முடி கொட்டாத நாய் என்றால் அலர்ஜி எங்கிருந்து வரும் என்று விற்பனையாளர் கேட்டபோது வீட்டில் யாருக்கும் மறுபேச்சு இல்லை.

நேரில் போனோம். ஈசிஆர் பக்கம் ஒரு தனி வீடு. கீழே கூண்டுகள் இருந்த பகுதிக்கு விடவில்லை, "இன்ஃபெக்‌ஷன் வந்துடும்" என்று காரணம் சொன்னார். மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அப்போதுதான் குளிப்பாட்டி, ட்ரையர் போட்டு, ஷாம்பு வாசனையோடு குட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "இதுதான் மேடம் அலர்ஜி டெஸ்ட். முகத்துக்கிட்ட வச்சுப் பாருங்க." வைத்துப் பார்த்தேன். ஒரு தும்மல்கூட இல்லை. கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது. என் கணவர் அங்கேயே முன்பணம் அனுப்பிவிட்டார்.

மீதிப் பணத்தைக் கொடுத்தபோது பில் கேட்டோம். பில் கிடையாது, லெட்டர்ஹெட்டில் ஒரு காகிதம் வந்தது. ‘ஹைப்போஅலர்ஜெனிக் ப்ரீட், அலர்ஜி உள்ள குடும்பங்களுக்கு ஏற்றது’ என்று ஒரு வரி, கீழே தொகைக்கு எதிரே ‘தத்துக் கட்டணம்’. விற்பனை என்று எங்கும் இல்லை. கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பதிவுப் பேப்பர் வேண்டுமானால் தனியாக 8,000 என்றார். அந்தப் பேப்பர் இருந்தால் அலர்ஜி வராததற்கும் அதுதான் ஆதாரம் என்பதுபோல் பேசினார். கேசிஐ பதிவு நாயின் வம்சாவளியைச் சொல்லும், அவ்வளவுதான். அதற்கும் உங்கள் மூச்சுக்குழாய்க்கும் சம்பந்தமில்லை.

குட்டி வந்த முதல் சில நாட்கள் நன்றாகத்தான் போயின. அப்புறம் காலையில் எழுந்தால் அடுக்குத் தும்மல். மூக்கடைப்பு. கையில் நக்கிய இடமெல்லாம் தடித்துச் சிவந்தது. சென்னை வெயிலில் ஷிட்ஸுவுக்கு ஏசி இல்லாமல் முடியாது. சப்பை மூக்கு, மூச்சு வாங்கும். அதனால் படுக்கையறைக் கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்து, ஏசி போட்டு, நாங்களும் நாயும் ஒரே அறையில். ஒரு நாள் நடுராத்திரி இழுப்பு ஏறி, பக்கத்து ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்துத்தான் அடங்கியது.

அதற்கிடையில் தடுப்பூசிக்காகக் கால்நடை மருத்துவரிடம் போனபோது இன்னொன்று வெளிப்பட்டது. தடுப்பூசி அட்டையில் குட்டியின் வயது எட்டு வாரத்துக்கு மேல் என்று போட்டிருந்தது. மருத்துவர் குட்டியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டு, ஆறு வாரம்கூட ஆகியிருக்காது என்றார். 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கவே கூடாது. வளர்த்து விற்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். நாங்கள் போன வீட்டில் எந்தப் பதிவுச் சான்றும் கண்ணில் படவில்லை.

விற்றவருக்குப் போன் போட்டேன். அதற்குப் பிறகு அவர் சொன்ன ஒவ்வொரு பதிலும் ஒரு விற்பனை. முதலில் "உடம்பு பழகணும் மேடம், மூணு மாசம் பொறுங்க" என்றார். பிறகு அவரே கொரியரில் ஒரு ஸ்ப்ரே அனுப்பினார், நாயின் மேல் அடித்தால் அலர்ஜி ‘பிளாக்’ ஆகிவிடுமாம், 1,400 ரூபாய். அதுவும் கேட்காதபோது, அவருடைய நண்பர் விற்கிற ஏர் ப்யூரிஃபையர். ‘ஹெப்பா டைப்’ என்று பெட்டியில் இருந்தது, கூடவே அயனைசர். உண்மையான ஹெப்பா ஃபில்டர் என்றால் 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். ‘டைப்’ என்று ஒட்டிக்கொண்டால் எந்த அளவுகோலும் கிடையாது. அயனைசர் வகையில் சில ஓசோனை வேறு வெளியே விடும், ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஆகாது. நல்லவேளை, அதை என் தம்பி பார்த்து வேண்டாம் என்று தடுத்துவிட்டான்.

கடைசியாக, குட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "எடுத்துக்கிறேன், பணம் வராது. இன்னும் பத்தாயிரம் போட்டீங்கன்னா மால்டீஸ் பெண் குட்டி தர்றேன். பெண் நாய்னா அலர்ஜி சுத்தமா இருக்காது" என்றார். இதில் ஒரு துளி உண்மையைக் கலந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அலர்ஜி மருத்துவரிடம் போனேன். கையில் வரிசையாகச் சொட்டு விட்டு ஊசி முனையால் லேசாகக் குத்தி, கால் மணி நேரம் கழித்துத் தடிப்பை அளந்தார். நாய் அலர்ஜிக்கான சொட்டு விட்ட இடத்தில் நல்ல தடிப்பு. வீட்டுத் தூசிப் பூச்சிக்கும் தடித்தது. சென்னையின் ஈரப்பதத்துக்கு அது பலருக்கும் இருப்பதுதானாம். நான் மொட்டை மாடிக் கதையைச் சொல்ல ஆரம்பித்ததுமே அவர் சிரித்துவிட்டார். "குளிப்பாட்டித்தானே கொண்டுவந்தாங்க? வெளியில காத்தோட்டமா வச்சுத்தானே காட்டினாங்க? எல்லாரும் இதையே சொல்றாங்கம்மா" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். பிரச்சினை முடி இல்லை. நாயின் எச்சிலிலும் தோலிலும் சுரக்கிற சில புரதங்கள். அதில் முக்கியமானதற்கு கேன் எஃப் 1 என்று பெயர். நாய் தன்னைத்தானே நக்கும், தோல் பொடிப்பொடியாக உதிரும், அந்தப் பொடியில் புரதம் ஒட்டியிருக்கும். மிக நுண்ணிய துகள்கள் என்பதால் காற்றில் வெகு நேரம் மிதக்கும், சோபா, திரைச்சீலை, துணி எல்லாவற்றிலும் ஏறும். முடி கொட்டாத நாய்க்கும் தோல் உண்டு, எச்சில் உண்டு. குளிப்பாட்டினால் அளவு குறையும், ஆனால் சில நாளிலேயே பழைய நிலைக்கு வந்துவிடும். குளித்த கையோடு, திறந்தவெளியில், கையளவு குட்டியை வைத்துச் செய்கிற சோதனையில் யாருக்குமே ஒன்றும் தெரியாது. காட்டுகிறவருக்கு அது நன்றாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 2011-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் ஆய்வாளர்கள், இப்படிப்பட்ட ‘அலர்ஜி குறைந்த’ இன நாய்கள் உள்ள வீடுகளின் தூசியையும் மற்ற வீடுகளின் தூசியையும் ஒப்பிட்டார்கள். கேன் எஃப் 1 அளவில் வித்தியாசம் இல்லை. 2012-ல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வு இன்னும் ஒருபடி மேலே. பூடில், லேப்ரடூடில் போன்ற நாய்களின் முடியில் மற்ற நாய்களைவிட அதிகமாகவே அந்தப் புரதம் இருந்தது. காற்றில் இருந்த அளவிலும் இந்த இனங்களுக்குச் சாதகமாக எதுவும் இல்லை. நாய் விற்கிறவர்கள் படிக்காத ஆய்வுகள் அல்ல இவை என்றே நினைக்கிறேன். படித்ததை ஒப்புக்கொண்டால் விளம்பரம் போட முடியாது.

லேப்ரடூடில் பிறந்த கதையே இதைச் சொல்லிவிடுகிறது. 1989 வாக்கில் ஆஸ்திரேலியாவில் வாலி கான்ரன் என்பவர் வழிகாட்டி நாய்களை வளர்க்கும் பொறுப்பில் இருந்தார். ஹவாயில் பார்வையற்ற ஒரு பெண்மணிக்கு வழிகாட்டி நாய் வேண்டும், ஆனால் அவருடைய கணவருக்கு அலர்ஜி. கான்ரன் லேப்ரடாரையும் பூடிலையும் இணைத்தார். பிறந்த மூன்று குட்டிகளின் முடியையும் எச்சிலையும் அந்தக் கணவருக்கு அனுப்பிச் சோதித்துப் பார்த்ததில் ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே ஈற்று. அதற்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் என்றால், ‘இந்த இனம் உங்களுக்கு ஒத்துக்கும்’ என்று எந்த வியாபாரி உறுதி தர முடியும்? கான்ரனே பிற்காலத்தில் அந்த இனத்தை உருவாக்கியதற்காக வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார்.

அந்தப் பெண் குட்டி விஷயத்துக்கு வருகிறேன். கேன் எஃப் 5 என்று ஒரு புரதம், ஆண் நாயின் ப்ராஸ்டேட் சுரப்பியில் உருவாவது. சிலருக்கு அது ஒன்றுக்கு மட்டும்தான் அலர்ஜி இருக்கும். அவர்களுக்குப் பெண் நாய் ஒத்துப்போக வாய்ப்பு உண்டு. ஆனால் அது ரத்தப் பரிசோதனையில் தெரிய வேண்டிய விஷயம், மருத்துவர் சொல்ல வேண்டியது. எனக்குப் பார்த்ததில் கேன் எஃப் 1-க்கே உண்டு. மால்டீஸ் பெண் குட்டி வாங்கியிருந்தால் இன்னும் பத்தாயிரம் போய், இதே தும்மல்தான் மிஞ்சியிருக்கும்.

நாயை என்ன செய்தோம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எங்களிடம்தான் இருக்கிறது. பெண்ணும் அதுவும் பிரியாத ஜோடியாகிவிட்டார்கள், என் இழுப்பும் இப்போதைக்கு மருந்துக்குக் கட்டுப்படுகிறது. கட்டுப்படாவிட்டால் வேறு நல்ல வீடு பார்க்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். நாயை அனுப்பினாலும் வீட்டில் படிந்த புரதம் போக மாதக்கணக்கில் ஆகுமாம். படுக்கையறைக்குள் நாய் வரவே கூடாது என்பது முதல் விதி, அதுதான் அதிகப் பலன் தந்தது. ஹாலில் இருந்த கம்பளத்தைத் தூக்கியாயிற்று. பெருக்குவதை விட்டுவிட்டு ஈரத் துணியால் துடைக்கிறோம். நாயை வாரம் இரண்டு முறை கணவர் குளிப்பாட்டுகிறார். அவ்வளவு குளியல் அதன் தோலுக்கு ஆகுமா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு, அவர் சொன்ன ஷாம்புதான். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த முடியைச் சரியாகக் காயவைக்காவிட்டால் பூஞ்சை வந்துவிடும், அது இன்னொரு செலவு. இவ்வளவும் செய்து எனக்கு வந்திருப்பது பாதி நிம்மதி.

அலர்ஜி இருந்தும் நாய் வேண்டும் என்றால் முதலில் உங்களுக்கு எதற்கு அலர்ஜி என்று சோதித்துக்கொள்ளுங்கள். அந்தச் சோதனைக்குச் சில நாள் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும், மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள். பிறகு, வாங்கப்போகிற அதே நாயோடு மூடிய அறையில், அது குளித்துச் சில நாள் ஆன பிறகு, ஒரு முறைக்கு மேல் மணிக்கணக்கில் இருந்து பாருங்கள். கடுமையான ஆஸ்துமா உள்ளவர்கள் இதையும் மருத்துவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். இதற்கு ஒத்துக்கொள்ளாத விற்பனையாளரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம். தாய் நாயையும் இருப்பிடத்தையும் காட்டச் சொல்லுங்கள், பதிவுச் சான்றைக் கேளுங்கள். குட்டியைவிட, வளர்ந்த நாயைத் தத்தெடுப்பது எங்களைப் போன்றவர்களுக்கு நல்லது. சில வாரம் வைத்துப் பார்த்து முடிவு செய்ய அனுமதிக்கிற காப்பகங்கள் இருக்கின்றன. முடி குட்டையா நீளமா என்பதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் கோபத்தில் நாயைத் தெருவில் விட்டுவிட வேண்டாம். அது பாவம் மட்டுமில்லை, 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸாப் பேச்சு, பணம் அனுப்பிய விவரம், தடுப்பூசி அட்டை, மருத்துவர்களின் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். நான் நோட்டீஸ் அனுப்பிவிட்டேன். ‘தத்துக் கட்டணம்’ என்றுதானே எழுதியிருக்கிறது, இது விற்பனையே இல்லை என்று பதில் வந்திருக்கிறது. அதே காகிதத்தில் உள்ள ‘அலர்ஜி உள்ள குடும்பங்களுக்கு ஏற்றது’ என்ற வரியை இணைத்து மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.