மினியா, கேமனா, மஸ்டாங்கா? மதுரைச் சாலையில் மூன்று கார்கள்

மாட்டுத்தாவணிப் பக்கம் பழைய கார் வாங்கி விற்கும் தம்பி ஒருவர் எனக்குப் பழக்கம். போன மாதம் அவர் ஷெட்டில் ஒரே வாரத்தில் ஒரு ஃபோர்ட் மஸ்டாங்கும் ஒரு போர்ஷே 718 கேமனும் வந்து நின்றன. கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரு டாக்டர். அவருக்கு மஸ்டாங் மேல் கண். அவர் வீட்டிலோ மினி கூப்பர் எஸ் போதும் என்கிறார்கள். "மூணையும் ஓட்டிப் பாத்துச் சொல்லுங்கண்ணே, அவரும் முடிவு பண்ண மாட்டேங்கிறாரு, என்னையும் விடமாட்டேங்கிறாரு" என்றார் தம்பி. மினி என் சித்தப்பா மகனிடமே இருக்கிறது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது எனக்கு.

எஞ்சின் கதையை முதலிலேயே முடித்துவிடுகிறேன். மஸ்டாங்கில் 5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்), 401 பிஎஸ், அதாவது குதிரைத்திறன். கேமனில் 2 லிட்டர் டர்போ, 300 பிஎஸ். மினியிலும் 2 லிட்டர் டர்போதான், ஆனால் 192 பிஎஸ். மூன்றில் எதையும் நம் ஊர்ப் பக்கம் முழுதாக மிதிக்க இடம் கிடையாது. மஸ்டாங்கின் சத்தத்துக்கு மட்டும் நான் அடிமை, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்த அடுத்த பத்து நிமிடத்தில் காரைப் பற்றி மனசு முடிவு செய்வது சத்தத்தை வைத்து இல்லை. கார் எவ்வளவு இடம் அடைக்கிறது, உள்ளிருந்து என்ன தெரிகிறது, குழியில் இறங்கினால் முதுகுக்கு என்ன வருகிறது, இந்த மூன்றை வைத்துத்தான்.

முதலில் அளவு. மினியின் அகலம் 1,727 மில்லிமீட்டர், கேமன் 1,801, மஸ்டாங் 1,916. மினிக்கும் மஸ்டாங்குக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு சாண். ஒரு சாண் பெரிய விஷயமா என்று கேட்டால், மேலமாசி வீதியில் ஒரு பக்கம் பைக்குகள் வரிசையாக நிற்க, மறுபக்கம் தள்ளுவண்டி நிற்க, எதிரே ஷேர் ஆட்டோ வரும்போது கேளுங்கள். ஊருக்கு வெளியே இன்னும் தெளிவாகத் தெரியும். கிராமத்துப் பக்கம் பல இடங்களில் தார் ஐந்தரை மீட்டர்தான். நம் நாட்டில் பஸ்ஸின் அகலம் 2.6 மீட்டர் வரை போகலாம். மிச்சம் 2.9 மீட்டர். கண்ணாடிகளோடு சேர்த்து மஸ்டாங் இரண்டு மீட்டரைத் தாண்டிவிடும். ஆக, உங்களுக்கு இரண்டு பக்கமும் சேர்த்தே முக்கால் மீட்டர் சொச்சம்தான், அதிலும் பஸ்காரர் தன் பாதியிலேயே நின்றால்! பஸ் வரும்போதெல்லாம் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது. மினியில் போகவில்லை. கேமனில் எப்போதாவது போகிறது. 401 பிஎஸ் இருந்து என்ன, காலை எடுத்துவிட்டுத்தானே ஓட்டுகிறோம்.

ஒரு சின்ன ஆறுதல், எல்லாக் காரும் ஊதிப்போய்த்தான் இருக்கிறது. 1959-இல் வந்த முதல் மினி மூன்று மீட்டர் நீளத்துக்குச் சற்று மேல். இப்போது நான் ஓட்டியது 3.85 மீட்டர். போர்ஷேயின் முதல் 911-இன் அகலம் 1,610 மில்லிமீட்டர்தான், இன்றைய மினியை விடக் குறைவு! இன்றைய 911-க்கு 1,852. பக்கவாட்டு மோதல் பாதுகாப்பு, அகலமான டயர், உள்ளே வசதி என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த சதை. சாலை மட்டும் அப்படியே இருக்கிறது.

அடுத்து பார்வை. இதைப் பற்றிக் கார் வாங்குகிற யாரும் கேட்பதில்லை. எனக்கு இதுதான் முக்கால்வாசி.

கேமனில் உட்கார்ந்தால் நீங்கள் ரொம்பக் கீழே. காரின் மொத்த உயரமே 1,295 மில்லிமீட்டர். முதல் இரண்டு நிமிடம், ஆட்டோவின் சக்கரத்தோடு பேசிக்கொண்டு போவதுபோல் இருந்தது. ஆனால் எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் முன்பக்கம் தாழ்ந்து கிடக்கிறது. பானெட்டின் இரண்டு ஓரத்திலும் சக்கரத்துக்கு மேலே மேடு எழும்பி நிற்கிறது, அது கண்ணுக்கு நேரே தெரிகிறது. பழைய அம்பாசடரில் முன் ஓரம் தெரியுமே, அதுமாதிரி. வளைவில் உள்பக்கச் சக்கரத்தை எந்த வெள்ளைக் கோட்டில் வைக்கிறோம் என்று ஊகிக்க வேண்டியதில்லை. அகலத்தில் நடுவில் இருக்கிற கார், ஓட்டும்போது சின்னக் காராகத் தோன்றுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மஸ்டாங்கில் நேர் எதிர். பானெட் நீண்டு, நடுவில் புடைத்து நிற்கிறது. புடைப்பு தெரிகிறது, மூலை தெரியவில்லை. மூக்கு எங்கே முடிகிறது என்பது கடைசிவரை நம்பிக்கை சார்ந்த விஷயம்தான். அதோடு முன்கண்ணாடியின் ஓரத்தில் கூரையைத் தாங்கும் முன்தூணும் பக்கக் கண்ணாடியும் சேர்ந்து வலது பக்கம் ஒரு சுவர். நமக்கு ஸ்டியரிங் வலது பக்கம் என்பதால் வலது தூண் கண்ணுக்கு மிக அருகே. அருகே இருப்பது அதிகம் மறைக்கும். ஆகவே வலது வளைவில் எதிரே வருவது கடைசி நிமிடம் வரை தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஆண்டிபட்டி கணவாயில் ஒரு டிவிஎஸ் 50, ஆள், பின்னால் புல்லுக்கட்டு, அத்தனையும் அந்தத் தூணுக்குள் அடங்கிப் போயிற்று. புல்லுக்கட்டின் நுனி மட்டும் தெரிந்ததால் தப்பித்தோம். அதற்கப்புறம் ஒவ்வொரு வலது வளைவிலும் வாத்து மாதிரி கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துத்தான் ஓட்டினேன்.

கேமனைப் புகழ்ந்து முடிக்கும் முன் அதன் குறையையும் சொல்ல வேண்டும். பின் ஓரம் முழுக்கக் குருடு. முன்னால் தெரிவதற்குக் கொடுத்த விலை அது. கோரிப்பாளையத்தில் இடப்பக்கம் ஒதுங்கும்போது கேமராவை நம்பியும் பிள்ளையாரை நம்பியும்தான் ஒதுங்கினேன். மினி இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை: கண்ணாடி நிமிர்ந்து நிற்கிறது, நான்கு பக்கமும் தெரிகிறது. ஒரே ஒரு கோளாறு, கூரை முன்னால் நீண்டு வருவதால் சிக்னலில் முதல் ஆளாக நின்றால் விளக்கு தெரியாது. குனிந்து பார்க்க வேண்டும். பின்னாலிருந்து ஹாரன் வந்தால் பச்சை விழுந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம், மதுரையில் அது சிக்னலை விடச் சரியாக வேலை செய்யும்.

சரி, முதுகு. இங்கேதான் என் கணக்கு புரண்டது. சின்னக் கார், சாதுவான கார், ஆகவே மினிதான் சொகுசாகப் போகும் என்று நினைத்திருந்தேன். மூன்றிலும் கடினமானது அதுதான்.

காரணம் பெரும்பாலும் டயர். சித்தப்பா மகனின் மினியில் இருப்பது ரன்-ஃப்ளாட் டயர். காற்று போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரம் ஓடவேண்டும் என்று அதன் பக்கச் சுவரைக் கெட்டியாகச் செய்கிறார்கள். அந்தக் கெட்டி நல்ல காற்று இருக்கும்போதும் கெட்டிதான். 205/45 ஆர்17 அளவில் (205 மில்லிமீட்டர் அகலம், அதில் 45 சதவீதம் சுவர், 17 அங்குல வீல்) பக்கச் சுவர் சுமார் 92 மில்லிமீட்டர், அதுவும் அமுங்காது. நத்தம் பறக்கும் பாலத்தின் மேல் ஏழு கிலோமீட்டருக்கு ஒவ்வொரு இணைப்பும் இடுப்பில் வந்து எண்ணிக்கை சொல்லிற்று. பாலம் இறங்கி ஊமச்சிகுளம் தாண்டி, ஒட்டுப்போட்ட சாலையில் வளைவு வரும்போது கார் தரையை விட்டு லேசாகத் துள்ளுகிறது. துள்ளுகிற டயருக்கு ஏது பிடி? ஸ்டியரிங் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் நாம் வேகத்தைக் குறைத்துவிடுகிறோம். கடினமாக இருந்தால்தான் ஸ்போர்ட்ஸ் கார் என்று நம்மில் பலர் நம்புவது வழவழ சாலைக்கு மட்டும் பொருந்துகிற நம்பிக்கை. வீட்டுக் காரின் ஸ்பிரிங் நொடிக்கு ஒன்று, ஒன்றரை முறை ஆடும்படி இருக்கும், ஸ்போர்ட்ஸ் காரில் ஒன்றரை முதல் இரண்டு வரை. அதற்கு மேல் இறுக்கிக்கொண்டே போனால் சாலையின் ஒவ்வொரு ஒட்டும் டயரை உதைத்துத் தள்ளும்.

கேமன் அதே ஒட்டுகளின் மேல் ஒருமுறை அமுங்கி எழுந்து அடங்கிவிடுகிறது. இரண்டாவது ஆட்டம் இல்லை. அந்தக் காரில் தானாகக் கடினம் மாற்றிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர் இருந்தது. அதைவிட முக்கியம், 18 அங்குல வீல். 235/45 டயரில் சுவர் 106 மில்லிமீட்டர் வருகிறது. பார்க்க அழகாக இருக்கிறதென்று 20 அங்குலம் போட்டால் அது 82-க்கு இறங்கிவிடும். 24 மில்லிமீட்டர் ரப்பரைக் காசு கொடுத்துக் கழற்றுவது மாதிரி. காரின் எடையும் 1,350 கிலோவை ஒட்டித்தான், அதனால் ஸ்பிரிங்கை இரும்பாக்க வேண்டிய தேவை இல்லை. இளகிய ஸ்பிரிங், நல்ல ஷாக் அப்சார்பர், குறைந்த எடை என்று இங்கிலாந்தின் ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியான லோட்டஸ்காரர்கள் 1960-களிலேயே எலான் காரில் செய்து காட்டிய வழிதான்.

மஸ்டாங்? நாலுவழிச் சாலையில் அதுதான் ராஜா. 2,720 மில்லிமீட்டர் வீல் பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள தூரம்), 1,700 கிலோவுக்கு மேல் எடை, திருமங்கலம் தாண்டித் தெற்கே போனால் கப்பல் மாதிரி மிதக்கிறது. ஆனால் ஓட்டுநர் இருக்கை பின் அச்சை நெருங்கி இருப்பதால், கிராமத்துச் சாலையில் பின் சக்கரம் குழியில் விழும் ஒவ்வொரு தடவையும் அதைத் தனியாக உணர்கிறோம். கனமான கார் ஒரு பள்ளத்தில் இறங்கி எழுவதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடுகிறது.

வேகத்தடைகளையும் விட முடியாது. விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். நம் ஊர்களில் இருப்பது ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிய வரப்பு. மஸ்டாங்கின் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளி, 137 மில்லிமீட்டர், நீண்ட வீல் பேஸ் வேறு. நேராக ஏற்றினால் வயிறு தட்டும். சாய்த்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்ற வேண்டும், அதற்குச் சாலையின் முழு அகலமும் வேண்டும். அழகர்கோவிலிலிருந்து மேலூர் போகும் வழியில் நான் அப்படிக் குறுக்கே நிற்கும்போது ஒரு பால்காரர் "அண்ணே, போறீங்களா, பார்க்கிங் போட்டுட்டீங்களா?" என்றார். கேமனின் வீல் பேஸ் 2,475, மினியின் 2,495-ஐ விடக்கூடக் குறைவு. இரண்டும் வயிறு தட்டவில்லை. கேமன் மூக்கு மட்டும் இரண்டு இடத்தில் உரசியது.

என் தீர்ப்பு கேமன். ரொம்ப யோசிக்கவில்லை. வீடு மாசி வீதிகளுக்குள்ளே என்றால் மட்டும் மினி, அதுவும் ரன்-ஃப்ளாட்டைக் கழற்றிவிட்டுச் சாதாரண டயர் போட்டு, டிக்கியில் ஒரு காற்றடிக்கும் மெஷினோடு. மஸ்டாங் வாங்குகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன், சத்தம் அப்படி. அவர் திருநெல்வேலிக்கு அடிக்கடி போகிறவராக இருந்தால் நல்லது.

தம்பியிடம் இதைச் சொன்னேன். "அப்ப கேமனத்தான் காட்டவாண்ணே?" என்றார். காட்டு, ஆனால் ஷெட்டில் வைத்துக் காட்டாதே, டாக்டர் வீட்டு வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போ என்றேன். சாக்கடைக்கு மேலே கேட் வரை எல்லா வீட்டிலும் செங்குத்தாக ஒரு சாய்தளம் போட்டிருப்பார்களே, மூக்கு அதில் ஏறுகிறதா என்று பார்த்த பிறகுதான் முன்பணம்.