காண்ட்ராஸ்ட் பெயிண்டா, அடுக்குப் பூச்சா?

ஸ்கிர்மிஷ், அதாவது சிறு பொம்மைப் படைகளை மேசையில் மோதவிடும் ஆட்டத்துக்குப் படை என்பது பெரும்பாலும் பத்துப் பேர்தான். ஆனால் அந்தப் பத்து 28 மி.மீ. மினியேச்சர் பொம்மைகளுக்கும் வண்ணம் பூசி முடிப்பதற்குள் பலருக்குப் பொறுமை போய்விடும்.

அதற்கு வந்த குறுக்குவழிதான் காண்ட்ராஸ்ட் வகைப் பெயிண்ட். கேம்ஸ் வொர்க்ஷாப்பின் பெயிண்ட் பிராண்டான சிட்டாடல் இதை 2019-இல் கொண்டுவந்தது. பிற நிறுவனங்களும் இப்போது இதே வகையில் விற்கின்றன. வெள்ளை அல்லது எலும்பு நிற பிரைமர் (அடிப்பூச்சு) மேல் ஒரே பூச்சு. பள்ளத்தில் தேங்கிக் கருமையாகும், மேட்டில் வழிந்து வெளிறும். நிழலும் வெளிச்சமும் தானாக வந்துவிடும். ரோமம், செதில், கசங்கிய துணிக்கெல்லாம் பிரமாதம். வழவழப்பான கேடயத்திலோ அகலமான அங்கியிலோ திட்டுத்திட்டாகக் காயும். பாதி காய்ந்ததைத் தூரிகையால் தொட்டால் அவ்வளவுதான், இன்னும் அசிங்கமாகும். வெள்ளையடித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அடுக்குப் பூச்சில் இந்தத் தொல்லை இல்லை. தவறினால் அதே நிறத்தை மேலே பூசினால் சரி. அடிநிறம், வாஷ் (பள்ளங்களில் நிழல் தரும் நீர்த்த பெயிண்ட்), விளிம்பில் வெளிர்நிறம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசுவதால் நேரம்தான் தின்னும்.

ஆடும்போது மூன்றடி தள்ளி நின்று பார்க்கிறோம். அந்தத் தூரத்தில் காண்ட்ராஸ்ட் பூசிய கோப்ளின் (குட்டிப் பூதம்) பொம்மையில் குறையே தெரியாது. அதனால் அடியாட்களுக்குக் காண்ட்ராஸ்ட், தலைவனுக்கும் மந்திரவாதிக்கும் அடுக்கு என்பதே என் கட்சி. முகம் மட்டும் யாருக்கானாலும் அடுக்குதான். அப்புறம், காண்ட்ராஸ்ட் கைபட்டுக் கைபட்டு விளிம்புகளில் தேயும். மேசைக்கு வருமுன் மேட் வார்னிஷ் (பளபளக்காத பாதுகாப்புப் பூச்சு) அடித்துவிடுங்கள்.