காஹூட்டா, பிளிக்கர்ஸா? வகுப்பில் கேள்வி கேட்க நான்கு கருவிகள்

0.6, 0.45, 0.375, 0.08. இந்த நான்கில் எது பெரியது? தசம எண் பாடம் முடிந்த கையோடு வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள். 0.375 என்று சொல்லும் பிள்ளை, புள்ளிக்குப் பின்னால் இலக்கங்கள் நீண்டால் மதிப்பும் கூடும் என்று நினைத்திருக்கிறது. 0.08 என்று சொல்லும் பிள்ளை இடமதிப்பை விட்டுவிட்டு 8ஐ மட்டும் பார்த்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு குழப்பங்கள், திருத்தும் வழியும் வேறு. ஆனால் வாய்வழியாகக் கேட்டால் முன்வரிசையில் இருவர் சரியான விடையைச் சொல்லிவிடுவார்கள், மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். யாருக்கு எங்கே சிக்கல் என்பது நமக்குத் தெரியாமலே பாடம் நகர்ந்துவிடும்.

வினாடி வினா இணையதளங்கள் கைகொடுக்க வேண்டியது இந்த இடத்தில்தான். அதனால் ஒரே ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு நான்கு கருவிகளைப் பார்க்கிறேன். ஒரு கேள்வி முடிந்ததும், யார் எதைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்பது ஆசிரியர் கண்ணில் படுகிறதா? பட்டால், அங்கேயே நிறுத்திப் பேச முடிகிறதா? இசை, படம், பரிசுப் புள்ளி எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முதலில் காஹூட். நார்வேயில் பிறந்து 2013இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த தளம். கேள்வி பெரிய திரையில் வரும், மாணவர் கையில் இருக்கும் போனிலோ டேப்லெட்டிலோ சிவப்பு முக்கோணம், நீல வைரம், மஞ்சள் வட்டம், பச்சைச் சதுரம் என்று நான்கு பொத்தான்கள் வரும். வகுப்பு உற்சாகமாவதில் இதற்கு ஈடு கிடையாது. சிக்கல் புள்ளிக் கணக்கில் இருக்கிறது. வழக்கமான ஆட்டத்தில் ஒரு கேள்விக்கு 1000 புள்ளி வரை. சரியான விடையையே கடைசி நொடியில் சொன்னால் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். நிதானமாக யோசித்து 0.6 என்று அழுத்திய பிள்ளை, குருட்டாம்போக்கில் தட்டி மாட்டிக்கொள்ளாத பிள்ளைக்குக் கீழே போய்விடுகிறது. கணக்குக்கும் வாசித்துப் புரிந்துகொள்ளும் கேள்விக்கும் இது நியாயமே இல்லை. கேள்விக்கான நேரத்தை 20 நொடியிலிருந்து கூட்டலாம், புள்ளியே வேண்டாம் என்றும் வைக்கலாம். இந்த இரண்டையும் மாற்றாமல் காஹூட்டைத் திறக்காதீர்கள் என்பேன்.

தமிழில் கேள்வி தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொன்று. கேள்விக்கு 120 எழுத்துகள்தான் இடம். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் ஏறுவதால் இரண்டு வாக்கியத்திலேயே இடம் தீர்ந்துவிடும். நீளமான சூழல் தேவைப்படும் கேள்வியைப் படமாக்கிச் சேர்ப்பதே வழி.

நேரம் முடிந்ததும் எந்த விடைக்கு எத்தனை பேர் என்ற பட்டைகள் திரையில் வரும். நல்ல விஷயம்தான். ஆனால் சரியான விடையும் கூடவே தெரிந்துவிடுவதால், 'ஏன் அப்படி நினைத்தாய்?' என்று கேட்க அதன்பிறகு உயிர் இருப்பதில்லை. அலகு முடிந்து திருப்புதல் செய்யும் நாளுக்கு காஹூட் பொருந்தும். புதுப் பாடத்தின் நடுவே வேண்டாம்.

குவிசிஸ் 2015இல் தொடங்கியது. 2025இல் வேகிரவுண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது, ஆசிரியர்கள் பலர் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். இதில் கேள்வியும் விடைகளும் மாணவரின் கருவியிலேயே வரும். ஒவ்வொருவரும் தன் வேகத்தில் போகலாம், நேரக் கட்டுப்பாட்டை அணைத்துவிடலாம், வீட்டுப்பாடமாகவும் கொடுக்கலாம். மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி. தவறவிட்ட கேள்வியை இன்னொரு முறை முயலும் வாய்ப்பும் உண்டு. ஆனால் ஒருவர் மூன்றாம் கேள்வியில் இருப்பார், இன்னொருவர் பன்னிரண்டாம் கேள்வியில் இருப்பார். எந்தக் கேள்வியில் நிறுத்தி எல்லோரிடமும் பேசுவது? ஆசிரியரே கேள்வியை நகர்த்தும் முறையும் அதில் இருக்கிறது, ஆனால் குவிசிஸின் பலம் பயிற்சியில்தான். அறிக்கையைச் சாயங்காலம் உட்கார்ந்து பார்த்து, மறுநாள் பாடத்தைத் திட்டமிடுபவர்களுக்கு ஏற்றது.

என் மனதுக்கு நெருக்கமானது பிளிக்கர்ஸ். மாணவர்களுக்குக் கருவியே வேண்டாம். ஆளுக்கொரு தாள் அட்டை, அதில் கறுப்பு வெள்ளைச் சதுரக் கோலம். நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் இருக்கும். தன் விடை எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆசிரியர் தன் போன் கேமராவை வகுப்பின் மேல் ஒரு வலம் ஓட்டினால், யார் என்ன சொன்னார்கள் என்பது பெயரோடு போனில் வந்துவிடும். ஒவ்வொரு அட்டையின் கோலமும் வேறு, எழுத்தும் பொடியாக இருப்பதால், பக்கத்து அட்டையைப் பார்த்துக் காப்பியடிப்பது லேசில் முடியாது. தளத்திலிருந்தே அட்டைகளை இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். வழக்கமான தொகுப்பில் 40 அட்டைகள், பெரிய வகுப்புக்கு 63 கொண்ட தொகுப்பும் இருக்கிறது. ஒரே தொகுப்பு எல்லா வகுப்புக்கும் போதும். பளபளக்கும் லேமினேஷன் மட்டும் வேண்டாம், விளக்கு வெளிச்சம் பட்டு மின்னினால் கேமராவுக்குக் கோலம் தெரியாது. விரல் கோலத்தின் மேல் படாமல் ஓரத்தைப் பிடிக்க முதல் நாளே பழக்கிவிடுங்கள்.

இதன் உண்மையான மதிப்பு அடுத்த நிமிடத்தில் இருக்கிறது. பட்டைகளை மட்டும் திரையில் காட்டி, சரியான விடையைக் காட்டாமல் வைத்திருக்கலாம். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரப்பிய கற்பித்தல் முறைக்கு இது அப்படியே பொருந்தும். முதலில் ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்ல வேண்டும். சுமார் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லியிருந்தால், ஆசிரியர் விடையைச் சொல்லாமல், வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு பேசச் சொல்லி மறுபடி விடை கேட்க வேண்டும். 30க்கும் கீழே என்றால் மறுபடி நடத்த வேண்டும், 70க்கு மேல் என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். அதே கேள்வியை வரிசையில் இரண்டு முறை வைத்துவிட்டால் பிளிக்கர்ஸில் இதைச் சிரமமில்லாமல் செய்யலாம். 0.375க்காகவும் 0.6க்காகவும் இரண்டு பிள்ளைகள் வாதாடி, ஒன்று '0.600 என்று எழுதிப் பாரேன்' என்று சொல்வதைக் கேட்டால், அந்த விளக்கம் நம் விளக்கத்தைவிட நன்றாகவே இருக்கும்.

குறையும் உண்டு. நான்கு விடைக்குள் அடங்கும் கேள்விதான் கேட்க முடியும். கட்டுரை விடை, வரைபடம், சூத்திரம் எதுவும் முடியாது.

நான்காவது, இணையத்தில் கேள்விப் படிவம் அமைக்க உதவும் கூகுள் ஃபார்ம்ஸ். பார்க்க எளிமையாக இருக்கும், விளையாட்டுத்தனம் எதுவும் கிடையாது. ஆனால் மாணவர் தேர்ந்தெடுக்கும் விடையைப் பொறுத்து அவரை வேறு பகுதிக்கு அனுப்பும் வசதி அதில் இருக்கிறது, இதைப் பலரும் தொடுவதே இல்லை. 0.375 என்று சொன்னவருக்கு இடமதிப்பு அட்டவணையோடு ஒரு பகுதி, 0.08 என்று சொன்னவருக்குப் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று காட்டும் படம், அதன்பின் இருவருக்கும் அதேபோல இன்னொரு கேள்வி என்று அமைக்கலாம். ஒருமுறை உழைத்துச் செய்துவைத்தால் ஆண்டுதோறும் பயன்படும். விடைகளை கூகுள் ஷீட்ஸ் அட்டவணையில் சேர்த்துவைக்கலாம், அதிகம் தவறிய கேள்விகளையும் ஃபார்ம்ஸே எடுத்துக் காட்டும்.

இந்த நான்கைத் தவிர மென்டிமீட்டர் என்ற தளமும் இருக்கிறது. மாணவர்கள் அனுப்பும் சொற்களைத் திரட்டி, அதிகம் வந்த சொல்லைப் பெரிதாகக் காட்டும் அதன் சொல்மேகம் பாடத்தைத் தொடங்கும்போது முன்னறிவைத் தெரிந்துகொள்ள நல்லது, அதைத் தாண்டி அன்றாட வகுப்புக்கு எனக்கு அது தேவைப்படவில்லை.

சரி, எதில் தொடங்குவது? எல்லா மாணவரிடமும் கருவி இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம், பிளிக்கர்ஸ். கருவி இருந்தாலும் புதுப் பாடம் நடத்தும் நாளில் அதையே எடுப்பேன். வீட்டுக்குக் கொடுக்க ஃபார்ம்ஸ், பயிற்சிக்கு குவிசிஸ். எதை எடுத்தாலும் தவறான விடைகளை நீங்களே எழுதுங்கள். இந்தத் தளங்களில் ஆயத்தமாகக் கிடைக்கும் வினாத் தொகுப்புகளில் தவறான விடைகள் பெரும்பாலும் இடத்தை நிரப்பத்தான் இருக்கும், எந்தக் குழப்பத்தையும் காட்டாது. பிள்ளைகளின் பழைய நோட்டுகளைப் புரட்டினால் நல்ல தவறான விடைகள் வேண்டிய அளவு கிடைக்கும். ஒரு பாடவேளைக்கு அப்படிப்பட்ட கேள்வி இரண்டு இருந்தால் போதும்.