300 லிட்டர் ஐஸ் பெட்டி, மூன்று சீசன் கழித்து: மூடிக்குக் கும்பிடு, வடிகாலுக்குச் சாபம்

"அந்தப் பெட்டி எப்படி, வாங்கலாமா?" என்று செருதூர் மச்சான் கேட்டு ஒரு வாரம் ஆகிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு வடிகாலைக் கழற்றியதிலிருந்து கோபம் தணியவில்லை. அதனால்தான் பதில் தாமதம்.

மூடியைக் குறை சொல்ல முடியாது. மேலே ஏறி நின்று வலை இழுத்தாலும் வளையவில்லை. ரப்பர் பட்டை இன்னும் கெட்டியாகக் கவ்வுகிறது. ஈரச் சாக்கு ஒன்றை மேலே போட்டுவிட்டால் மூன்றாம் நாள் காலையிலும் அடியில் ஐஸ் கிடக்கும், அதாவது முதல் சீசனில் கிடந்தது.

300 லிட்டர் என்றால் 300 கிலோ மீன் என்று நினைத்துவிட வேண்டாம். 50 கிலோ ஐஸ் பார் இரண்டை உடைத்துப் போட்டால் மீன் 100 கிலோதான் பிடிக்கும். 30 டிகிரி சூட்டோடு படகில் ஏறும் 100 கிலோ மீனைப் பூஜ்யத்துக்கு இறக்கவே 30 கிலோ ஐஸ் கரைந்துவிடும். மிச்சமெல்லாம் வெயிலோடு மல்லுக்கட்டத்தான். அடியில் நாலு விரல் ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ். குடல் எடுத்த வஞ்சிரத்தை வயிறு கீழே பார்க்க வைத்தால் உள்ளே தண்ணீர் தேங்காது. சூரையில் சிக்கனம் பார்க்கக் கூடாது. சூடேறினால் அதில் ஹிஸ்டமின் உண்டாகும், குழம்பில் எவ்வளவு கொதிக்கவிட்டாலும் போகாது.

துருவக் கடலில் மீன்பிடிக் கப்பலின் தளத்தில் உறையும் ஐஸைச் சுத்தியலால் அடித்துத் தள்ளுவார்கள், மேல்பாரம் ஏறிக் கப்பல் கவிழாமல் இருக்க. நாகை அக்கரைப்பேட்டையில் நாம் காசு கொடுத்து ஏற்றுகிறோம். அதுதான் இந்த வடிகால் வழியாகப் போகிறது.

வடிகால் ஒரு மூலையில் இருக்கிறது. பைபர் படகில் எஞ்சின் பாரத்தால் பின்பக்கம் தாழ்ந்தே நிற்கும். ஓட்டை அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தைப் பார்த்தால் ரத்தமும் செதிலும் கலந்த தண்ணீர் எதிர் மூலையில் தேங்கி அடிவரிசை மீனை வெளுக்க வைக்கும். பெட்டியைத் திருப்பிப் போட்டு ஓட்டையைப் பின்பக்கம் கொண்டுவந்தால் பாதித் தொல்லை தீரும். குழாயை வாஷ் பேசின் அடியில் இருப்பதுபோல் ஒரு வளைவு வளைத்து 20 லிட்டர் கேனில் விட வேண்டும். வளைவில் நிற்கும் தண்ணீர் சூட்டுக் காற்றை உள்ளே விடாது.

மீதிப் பாதிக்குத்தான் மருந்தில்லை. வடிகால் குழாயைப் பெட்டியோடு சேர்த்து வார்க்காமல், பிறகு துளை போட்டுச் செருகியிருக்கிறார்கள். வடிகாலை அடைக்கும் திருகைத் திறந்து மூடும்போதெல்லாம் குழாயும் கொஞ்சம் சுற்றுகிறது. அந்தச் சந்து வழியாக ஐஸ் தண்ணீர் இரட்டைச் சுவருக்குள் இறங்கி, சூட்டைத் தடுக்க நடுவே அடைத்திருக்கும் ஃபோமை நனைக்கிறது. நனைந்த ஃபோம் வெயிலில் எத்தனை நாள் கிடந்தாலும் முழுசாகக் காயாது. பெட்டியின் வெளிச்சுவர் வியர்க்கிறதா, இரண்டாம் நாளே ஐஸ் தீர்கிறதா, காலிப் பெட்டியைத் தூக்கினால் முன்னைவிடக் கனக்கிறதா, விஷயம் இதுதான். சந்தேகமிருந்தால் திருகை மூடி, நாலு விரல் தண்ணீர் விட்டு, பென்சிலால் கோடு போட்டு, மறுநாள் காலை பாருங்கள்.

ஒட்டலாம் என்று சிலிக்கான், பைபர் ரெசின் எதையும் வாங்க வேண்டாம். பெட்டி பாலிதீன், அதில் இவை பிடிக்காது, முதல் அலையிலேயே தோலாக உரிந்துவிடும். அதே பிளாஸ்டிக் கம்பியை உருக்கி வெல்டிங் வைக்க வேண்டும், அல்லது இரு பக்கமும் தடித்த ரப்பர் வாஷர் போட்டு நட்டால் இறுக்க வேண்டும். வாஷர் சீசனுக்கு ஒன்று செலவாகும். தடைக்காலம் 61 நாளும் மூடியை ஒரு கட்டை வைத்துத் திறந்தே போட்டு வையுங்கள்.

ஐந்துக்கு மூன்று. மூடிக்கு மட்டும் ஐந்து. இத்தனை திட்டிவிட்டு இன்னொன்றும் இதே பெட்டிதான் வாங்கப் போகிறேன், வேறு எதன் மூடியும் இந்த அளவுக்கு உட்காரவில்லை. ஆனால் மச்சான், நீ வாங்காதே. பிடிவாதமாக வாங்குவதானால் கடையிலேயே திருகைக் கழற்றி, செல்போன் டார்ச்சை ஓட்டைக்குள் அடித்துப் பார். மஞ்சளாக ஃபோம் தெரிந்தால் அடுத்த பெட்டியை எடு.