பச்சை டிக்கை நம்பி 1,180 யூரோ போச்சு: சரக்கு விவரம் சரிபார்க்கும் ஆன்லைன் சேவை எடுப்பவர்கள் கட்டாயம் படிக்கவும்

நேற்று சாயங்காலம்தான் அந்தச் சேவை நடத்துபவர்களிடமிருந்து கடைசி பதில் வந்தது. பணம் திரும்பக் கிடைக்காதாம். கோபம் ஆறும் முன்னால் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் விட்டுவிடுவேன், அடுத்து இன்னொருவர் மாட்டுவார்.

தையல் மெஷின் உதிரி பாகங்களை ஏர் கார்கோவில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்புகிறேன். சின்ன வியாபாரம்தான். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், 2023 மார்ச்சில் ஏர் கார்கோவும் ஐசிஎஸ்2 முறைக்குள், அதாவது சரக்கு விவரத்தை முன்கூட்டியே ஐரோப்பிய ஒன்றிய கஸ்டம்ஸுக்குத் தெரிவிக்கும் முறைக்குள், வந்துவிட்டது. பெட்டி விமானத்தில் ஏறுவதற்கு முன்பே உள்ளே என்ன இருக்கிறது என்று கஸ்டம்ஸுக்குத் தெரிந்தாக வேண்டும். ‘பார்ட்ஸ்’, ‘கிஃப்ட்’, ‘சாம்பிள்ஸ்’, ‘ஜெனரல் கார்கோ’ என்று பட்டும் படாமலும் எழுதினால் செல்லாது. இப்படிப்பட்ட சொற்களை ‘ஸ்டாப் வேர்ட்ஸ்’ என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள்.

இதற்குப் பயந்துதான் ஒரு ஆன்லைன் சேவையில் சேர்ந்தேன். பேக்கிங் லிஸ்ட்டை ஏற்றினால் ஒவ்வொரு வரியையும் படித்து, தெளிவில்லாத சொல் இருந்தால் சிவப்பு, சரியாக இருந்தால் பச்சை டிக் காட்டும். வருடச் சந்தா 240 யூரோ. வாங்கும் முன் டெமோ கேட்டேன். திரையைப் பகிர்ந்துகொண்டு அவர்களுடைய சேல்ஸ் பையன் பொறுமையாகப் பேசினான். “நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க சார்” என்றான். ‘கிஃப்ட்’ என்றேன். அடித்தான், சட்டென்று சிவப்பு. ‘ஜெனரல் கார்கோ’ என்றேன். அதுவும் சிவப்பு. “லிஸ்ட் முழுக்க உள்ளே இருக்கு சார். பச்சை வந்தா கண்ணை மூடிட்டு ஃபைல் பண்ணுங்க” என்றான். அந்த இடத்தில்தான் விழுந்தேன். அன்றே பணம் கட்டினேன்.

மூன்று வாரம் முன்னால் ஒரு ஷிப்மென்ட். மொத்தம் 42 வரி, 42-க்கும் பச்சை. அதில் ஒரு வரி, ‘அசார்ட்டட் ஸ்பேர் பார்ட்ஸ்’. நான்தான் அவசரத்தில் அப்படி எழுதியிருந்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மாதிரி வரியைப் பிடிக்கத்தானே காசு கொடுத்திருக்கிறேன்? டிக்கைப் பார்த்துவிட்டு ஃபார்வர்டருக்கு (சரக்கை விமானத்தில் ஏற்றி அனுப்பித் தரும் ஏஜென்டுக்கு) அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் ஃபார்வர்டர் ஆபீஸிலிருந்து போன். “டிஸ்கிரிப்ஷன் பத்தாதுன்னு தகவல் கேட்டிருக்காங்க சார். பதில் போகாம பெட்டி ஏறாது.” அந்த அட்டைப்பெட்டிக்குள் இருந்தது ஊசியும் பாபின் கேஸும். ஊசிக்கு எச்எஸ் கோடு (பொருளை வகைப்படுத்த கஸ்டம்ஸ் பயன்படுத்தும் எண்) 8452.30, பாபின் கேஸுக்கு 8452.90. இரண்டையும் தனித்தனி வரியாக எழுதியிருக்க வேண்டும். திருத்தி அனுப்புவதற்குள் விமானம் போய்விட்டது, அடுத்த நான்கு நாள் இடமில்லை. கிடங்கு வாடகை, திருத்தக் கட்டணம், மறுபடி புக்கிங் எல்லாம் சேர்த்து 385 யூரோ. தாமதம் என்று சொல்லி வாங்குபவர் பில்லில் 555 கழித்துக்கொண்டார். சந்தா 240-ஐயும் சேர்த்தால் 1,180 யூரோ. என் அளவில் அது இரண்டு மாத லாபம்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் சாட்டில் ஒரு இயந்திரம், “உங்கள் கருத்துக்கு நன்றி” என்றது. மெயில் போட்டேன், டிக்கெட் நம்பர் வந்தது, ஐந்து நாள் சத்தமே இல்லை. டெமோ காட்டிய பையனுக்குப் போன் செய்தேன். “நான் சேல்ஸ் சார், சப்போர்ட்ல பேசுங்க” என்று வைத்துவிட்டான். சப்போர்ட்டில் ஒரு அம்மா, ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து வேறொருவர் அதே ஸ்கிரீன்ஷாட்டைத் திரும்பக் கேட்டார். கடைசியில் நேற்று வந்த மெயிலில் ஒப்பந்தத்திலிருந்து ஒரு வரியை வெட்டி ஒட்டியிருந்தார்கள்: முடிவுகள் வழிகாட்டுதலுக்கு மட்டுமே, பொறுப்பு அறிவிப்பு தாக்கல் செய்பவருடையது. டெமோவில் சொன்ன ‘கண்ணை மூடிட்டு’ எங்கே போனது?

ராத்திரி தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து நானே அந்தக் கருவியைச் சோதித்தேன். ‘கிஃப்ட்’ சிவப்பு. ‘கிஃப்ட் ஐட்டம்ஸ்’ பச்சை. ‘ஜெனரல் கார்கோ’ சிவப்பு. ‘ஜெனரல் கார்கோ மிக்ஸ்டு’ பச்சை. வார்த்தை பட்டியலில் உள்ளபடி தனியாக நின்றால்தான் பிடிக்கிறது, பக்கத்தில் ஒரு சொல்லை ஒட்டிவிட்டால் விட்டுவிடுகிறது. அர்த்தத்தைப் பார்ப்பதே இல்லை. இதற்கா 240? இதனால்தானே 1,180?

எப்படிச் சரிபார்ப்பது என்று விரிவாக எழுத நினைத்துதான் தொடங்கினேன். ஃபார்வர்டர் இப்போதே பதில் கேட்டு நிற்கிறார், அதனால் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். டெமோவில் ஒற்றை வார்த்தையைக் கொடுத்துப் பார்க்காதீர்கள். உங்கள் பழைய பேக்கிங் லிஸ்ட்டில் இருக்கும் மோசமான வரியை அப்படியே கொடுங்கள். வாயால் சொல்லும் உத்தரவாதத்தை மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். ‘பைப்’ என்று எழுதாதீர்கள், ‘பிவிசி பைப்’, ‘ஸ்டீல் பைப்’ என்று எழுதுங்கள். ‘கெமிக்கல்’ என்றால் அந்தக் கெமிக்கலின் பெயர் வேண்டும். விவரத்தை மட்டும் படித்து ஆறு இலக்க எச்எஸ் கோடு எதுவென்று ஒருவரால் ஊகிக்க முடியவில்லை என்றால் அந்த வரி போதாது. ‘அசார்ட்டட்’, ‘மிக்ஸ்டு’, ‘அதர்ஸ்’ எங்கே தெரிந்தாலும் நிறுத்தி, பெட்டியைத் திறந்து பார்த்து, பொருள் வாரியாகப் பிரித்து எழுதுங்கள்.

சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமாம், அதையும் இன்று காலையில்தான் பார்த்தேன். கார்டை நீக்கிவிட்டேன். இதே மாதிரி பச்சை டிக்கை நம்பிப் பணம் இழந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து புகார் கொடுப்போம்.