பிரெஞ்சு தற்காப்பு: அந்த சி8 பிஷப்பைப் பற்றி மட்டும்

சதுரங்கத்தில் வெள்ளையின் முதல் நகர்த்தலான இ4-க்கு எதிராக ஆட பிரெஞ்சு தற்காப்பு சரிவருமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். கறுப்பின் பதில் இ6, பிறகு டி5. அது அவருக்கே தெரியும். பல ஆண்டுகளாக ஆடிவரும் எனக்குச் சொல்ல இருப்பது, தொடக்கத்தில் சி8 கட்டத்தில் நிற்கும் கறுப்பு பிஷப் என்னும் தலைவலியைப் பற்றித்தான்.

முதல் நகர்த்தலிலேயே நம் இ6 சிப்பாய் அதன் வாசலை அடைத்துவிடுகிறது. வெள்ளை இ5 என்று முன்னேறினால் பூட்டும் விழுந்தாயிற்று. டி7, இ8, எச்5 என்று ஊரைச் சுற்றி வெளியே வரலாம். பி6 ஆடி, ஏ6-இல் எதிராளியின் நல்ல (தன் சிப்பாய்களால் அடைபடாத) பிஷப்போடு மாற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும். அதை எதிராளி தர வேண்டுமே! பிரெஞ்சின் வினாவர் வகை (நம் இன்னொரு பிஷப் பி4-க்குப் போவது) இன்னும் விசித்திரம்: நல்ல பிஷப்பை சி3 குதிரைக்குக் கொடுத்துவிட்டு இந்த மக்குப் பிஷப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். வெள்ளை ராணி ஜி7, எச்7 சிப்பாய்களை விழுங்க, நாம் நடுப்பலகையை உடைக்கும் அந்தப் பரபரப்புக்கு ஈடில்லை என்பதும் உண்மை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வெள்ளை இ5 ஆடும் முன்னேற்ற வகையில் மில்னர்-பாரி காம்பிட் (சிப்பாயைத் தியாகம் செய்யும் தொடக்கம்) ஆடுபவர் பிஷப்பை டி3-இல் வைத்து, டி4 சிப்பாயைக் காட்டி ஆசைமூட்டுவார். சிப்பாய்களை வெட்டிக்கொண்ட கையோடு குதிரையால் டி4-ஐ எடுத்து, திருப்பி எடுக்கும் குதிரையை ராணியால் வெட்டினால், பிஷப் பி5-க்குப் பாய்ந்து செக் வைக்கும். வழி திறந்த டி1 ராணி நம் ராணியைக் கொண்டுபோகும். முன்னதாக இந்தச் சோம்பேறி பிஷப் டி7-க்கு ஒரு கட்டம் நகர்ந்திருந்தால் அந்த செக்கே கிடையாது. அப்படி ஒரு சிப்பாயைப் பையில் போட்டுக்கொள்ளும்போது வரும் குரூர மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

1974-இல் சோவியத் கிராண்ட்மாஸ்டர் கோர்ச்னாயின் பிரெஞ்சை, குதிரையை டி2-க்குக் கொண்டுவரும் டாரஷ் வகையால் இன்னொரு சோவியத் கிராண்ட்மாஸ்டர் கார்ப்போவ் திரும்பத் திரும்பத் தாக்கியும் உடைக்க முடியவில்லை. உறுதியில் குறை சொல்ல இடமே இல்லை.

ஆனால் பரிமாற்ற வகை! மூன்றாவது நகர்த்தலில் டி5-இல் வெட்டிக்கொண்டதும் பிஷப்புக்கு விடுதலை. புகார் தீர்ந்தது, ஆட்டமும் தீர்ந்தது. இருபுறமும் ஒரே சிப்பாய் அமைப்பு. டிராவுக்காகவே உட்கார்ந்திருக்கும் எதிராளியிடம் வெற்றி தேடுவதற்குள் பொறுமை போய்விடும். நேற்றும் அப்படித்தான் ஆயிற்று. ஆகவே நண்பரே, வேண்டாம். இ4-க்கு எதிரான இன்னொரு தற்காப்பான காரோ-கான் ஆடுங்கள், அங்கே முக்கிய வகையில் பிஷப் நான்காவது நகர்த்தலிலேயே எஃப்5-க்கு வந்துவிடுகிறது. நான் மட்டும் அடுத்த ஆட்டத்திலும் இ6-தான்.