கீழே போன க்ளட்ச் பெடல்

போன வாரம் நண்பன் ஒருவன் போன் செய்தான். "மாப்ள, உன் வண்டி மாதிரியே ஒண்ணு விலைக்கு வருது. ரேட்டும் இறங்கியிருக்கு. எடுக்கலாமா?" எடு, எடுக்காதே என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அதற்கு முந்தைய வாரம்தான் என் க்ளட்ச் கதை முடிந்திருந்தது. வாய் சும்மா இருக்குமா?

என் வண்டி ஒரு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு கதவு, இரண்டு சீட்டு, தரையோடு தரையாக உட்காரும் உடம்பு. ஒன்பது வருடமாக வைத்திருக்கிறேன். ஏற்காடு மலையில் இரண்டாவது கியரில் வளைவுக்குள் விட்டால் அது திரும்புகிற அழகுக்கு எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். க்ளட்ச்சைத் தவிர.

சேலம் அஸ்தம்பட்டியில் கிளம்பும்போது ஒரு குறையும் இருக்காது. அடிவாரம் தாண்டி ஏழெட்டு கொண்டை ஊசி வளைவு ஏறியதும், மிதித்த பெடல் பாதியிலேயே உட்கார்ந்துகொள்ளும். இடது கால் நுனியை அதற்கு அடியில் கொடுத்து மேலே நெம்ப வேண்டும். இரண்டு வருடம் இப்படி ஓட்டியதில் என் இடது ஷூவின் மேல்தோல் மட்டும் வெளுத்துப் போய்விட்டது. "ஏனுங்க, ஒத்தக் காலு மட்டும் எதுல உரசுது?" என்று ஷூ தைக்கிறவரே கேட்டார்.

பெடல் ஸ்பிரிங் மாற்றினேன். பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குப் புது கிட் போட்டேன். அப்புறம் கீழே அந்த அழுத்தத்தை வாங்கி க்ளட்ச்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டரையே மாற்றினேன். ஒவ்வொரு முறையும் புது ஆயில் ஊற்றி, காற்றை எடுத்துவிட்டால் ஒரு வாரம் சொன்னபடி கேட்கும். பிறகு பழைய குருடி, கதவைத் திறடி. போன மாதம் பதினான்காவது வளைவில் காலை எடுத்தும் க்ளட்ச் பிடிக்கவில்லை. இன்ஜின் கத்துகிறது, வண்டி பின்னால் உருள்கிறது, பின்னால் ஒரு பஸ். ஹேண்ட் பிரேக் காப்பாற்றியது. வண்டியை அன்றைக்கே விற்றுவிடுவதாகச் சபதம் செய்தேன்.

கொண்டலாம்பட்டிப் பக்கம் லாரி வேலை பார்க்கிற அண்ணன் ஒருவர்தான் கண்டுபிடித்தார். "எதையும் மாத்த வேண்டாம் தம்பி. எங்க அடைக்குதுன்னு மொதல்ல பாப்போம்." வண்டி சூடாக இருக்கும்போதே பெடலை மிதித்துச் சிக்க வைத்தோம். இரண்டு சிலிண்டருக்கும் நடுவே ஆயில் போகிற ஹோஸின் மேல்முனையில் இருந்த நட்டை அரைச் சுற்று தளர்த்தினார். கீழே ஸ்லேவ் சிலிண்டர் தள்ளுகிற நெம்புகோலான க்ளட்ச் ஃபோர்க் அசையவில்லை. நட்டை இறுக்கிவிட்டு, அடியில் ஸ்லேவ் சிலிண்டரில் காற்றை எடுத்துவிடும் திறப்பான ப்ளீடிங் நிப்பிளைத் திறந்தார். புஸ்ஸென்று மை மாதிரி ஆயில் பீறியது. ஃபோர்க் டக்கென்று பின்னால் போனது.

"மேல தொறந்தா வரல. கீழ தொறந்தா வருது. நடுவுல என்ன இருக்கு?"

நடுவில் இருந்தது ஒன்றரை அடி ரப்பர் ஹோஸ். அதைப் போட்ட புண்ணியவான் நான்தான். நான்கு வருடம் முன்பு பழைய ஹோஸ் ஒழுகியது. அதே ஹோஸ் எங்கும் கிடைக்கவில்லை. போர்வெல் ரிக்குகளுக்கு ஹோஸ் அடிக்கிற கடைக்குப் போய் அதே நீளத்துக்கு ஒன்று அடித்து வந்தேன். பிரஷர் தாங்குமா என்று மட்டும் கேட்டேன். தாங்கவும் தாங்கியது. உள்ளே என்ன ஆயில் ஓடும் என்பதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ரிக்கில் ஓடுவது மினரல் ஆயில். அதற்கேற்ற நைட்ரைல் ரப்பர் அது. க்ளட்ச்சில் ஓடுவது டாட் 4 என்கிற பிரேக் ஆயில், கிளைக்கால் வகை. அதில் நைட்ரைல் ஊறி உப்பிவிடும். இதற்கு ஈபிடிஎம் என்கிற வேறு வகை ரப்பர் வேண்டும்.

பிளேடால் ஹோஸை நீளவாக்கில் கிழித்துப் பார்த்தோம். உள்சுவர் ஊறவைத்த பட்டாணித் தோல் மாதிரி உரிந்து, ஓட்டையின் குறுக்கே மடிந்து கிடந்தது. காலால் அழுத்தும்போது ஆயில் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது; திரும்பும்போது அதே தோல் கதவு மாதிரி மூடிக்கொள்கிறது. சூடேறினால் இன்னும் மோசம். இரண்டு வருடமாக ஆயில் கறுப்பதை அழுக்கு என்று நினைத்திருந்தேன். கரைந்துகொண்டிருந்தது ரப்பர்.

உள்ளே டெஃப்லான், வெளியே ஸ்டீல் வலை போட்ட ஹோஸ் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. பழைய ஆயில் முழுவதையும் வெளியே எடுத்துக் கழுவியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை இருபது வளைவும் ஏறினேன். பெடல் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. என் கால்தான் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு வளைவிலும் பெடலுக்கு அடியில் போய் நெம்பியது. இந்த ஒன்பது வருடத்தில் வண்டி இவ்வளவு நன்றாக ஓடியதே இல்லை என்று அண்ணனுக்கு ஏரிக்கரையிலிருந்தே போன் போட்டுச் சொன்னேன்.

இறங்கும்போது மூடுபனி. வைப்பரைப் போட்டேன். பாதிக் கண்ணாடி வரை வந்து அப்படியே நின்றுவிட்டது.

நண்பனிடம் "எடுக்காதே" என்று சொல்லிவிட்டேன். விற்கிறவர் நம்பரை மட்டும் எனக்கு அனுப்பச் சொன்னேன். அந்த வண்டியில் வைப்பர் மோட்டார் ஓடுகிறதாம்.